பிள்ளையார் ஆடாத இடம்

விசாலிக்கு ஒரு வழக்கம் உண்டு. எது அதிர்ந்தாலும் அதன்மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்துவிடுவாள். ஐஸ் பெட்டி, பஸ் ஜன்னல், துணி துவைக்கும் மெஷின், ஜோகூர் மாசாய் சந்தையில் தேங்காய் துருவும் மெஷின் என்று ஒன்றையும் விட்டு வைத்ததில்லை. கணவன் செல்வா குறட்டை விடும்போது கட்டில் சட்டத்தைத் தொட்டுப் பார்த்து, "தலமாட்டுல நல்லா ஆடுது, கால்மாட்டுல அவ்வளவா இல்ல" என்று மறுநாள் அவனிடமே ஒப்பித்தவள். சிங்கப்பூரில் லாரி ஓட்டுவதற்காகத் தினமும் இருட்டோடு எழுந்து பாலம் தாண்டும் மனிதன், இதற்கெல்லாம் என்ன பதில் சொல்வான்? "உன்கூட குடும்பம் நடத்துறதும் டெஸ்டிங் லைன்ல நிக்கிறதும் ஒண்ணுதான் லா" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு போய்விடுவான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. லாயாங் லாயாங் ஊரில் ரயில் பாதைக்குப் பக்கத்து வீட்டில் பிறந்த விசாலி, பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த கையோடு ஒரு ஸ்பீக்கர் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். பன்னிரண்டு வருஷம் அங்கே அவளுக்கு ஒரே வேலைதான். ஓடுகிற ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் விரலை லேசாக வைத்து, கரகரப்பு இருந்தால் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும், இல்லாவிட்டால் பச்சைப் பெட்டியில். ஒரு நாளைக்கு எண்ணூறு ஸ்பீக்கர். பிறகு அந்தத் தொழிற்சாலை மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. விரல் மட்டும் இவளோடு மாசாய்க்கு வந்து, வேதநாயகி ஆச்சியின் மசாலா மில்லில் வேலைக்குச் சேர்ந்தது. அது நடந்து பதின்மூன்று வருஷம் ஆகிறது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. மில்லில் ஓடும் மெஷினை யாரும் தொடக்கூடாது. சிவப்புக் கை போட்ட போர்டு மூலைக்கு மூலை தொங்குகிறது. போர்டு சொல்வதை மறந்தாலும் ஆச்சி மறக்கவிட மாட்டார். மேலே கண்ணாடி போட்ட அறையில் உட்கார்ந்திருப்பார், காரைக்குடி வைரத்தோடு மின்ன. யாராவது மெஷின் பக்கம் கையை நீட்டினால் அங்கிருந்தே கண்ணாடியைத் தட்டுவார். அந்தத் தட்டலுக்குக் கல்லும் நடுங்கும். கணவர் போன பிறகு தனியாளாக நின்று இந்த மில்லை நடத்துகிறவர். குரலை உயர்த்திப் பேச அவருக்கு அவசியமே வந்ததில்லை.

விசாலி, கஸ்தூரி, உமாதேவி மூவரும் சலிக்கும் பகுதி. மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் அரைபட்டு வந்து இவர்களுடைய சல்லடையில்தான் விழும். இரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு இரும்புத் தட்டு, அதன் நடுவில் கம்பி வலை, கீழே நான்கு ஸ்பிரிங், ஒரு மோட்டார். மோட்டார் சுற்றினால் தட்டு அதிர்ந்து, தூள் துள்ளி, நைசானது கீழே இறங்கும், கொரகொரப்பானது முனையில் வழியும். ஓடுகிறபோது அது அதிர்கிறது என்று சொன்னால் போதாது. ஆடும். அதனால் மூவரும் அதற்கு ஆட்டக்காரி என்று பேர் வைத்திருந்தார்கள். "இன்னைக்கு ஆட்டக்காரி நல்ல மூடுல இருக்கா" என்று கஸ்தூரி சொன்னால் நாலு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும் என்று அர்த்தம்.

ஆயுத பூஜை வந்தது. ஆச்சி அந்த வருஷம் பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டு வந்தபோது பித்தளையில் ஒரு பிள்ளையார் வாங்கி வந்திருந்தார். பலகை மாதிரி தட்டையாக, பின்னால் திருகாணி போட நாலு துளையோடு, ஆறு கிலோ கனம். வயிறும் தும்பிக்கையும் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். மில்லின் சோறே சல்லடையில்தான் இருக்கிறது, அதனால் பிள்ளையாரும் சல்லடையில்தான் இருப்பார் என்று ஆச்சி சொல்லிவிட்டார். தன் கண்ணாடி அறையிலிருந்து நேராகப் பார்த்தால் தெரிகிற மாதிரி, தட்டின் விளிம்பில், நட்டநடுவில். மெஷின் பழுது பார்க்கும் ஜமால் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து வந்து துளை போட்டு முடுக்கினார். ஐயர் வந்து பூஜை போட்டார். சந்தனம், குங்குமம், பொரி, சுண்டல், எல்லாருக்கும் ஒரு புது டவல். எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் மெஷினைப் போட்டார்கள். ஆட்டக்காரி ஆடவில்லை.

ஓடாமலும் இல்லை. மோட்டார் சுற்றியது, ஸ்பிரிங் அசைந்தது, ஆனால் அந்தத் துள்ளல் காணாமல் போயிருந்தது. மிளகாய்த்தூள் வலைமேல் குவிந்து பக்கவாட்டில் வழிந்தது. ஒரு மணி நேரத்தில் இறங்க வேண்டிய தூள் மதியம் வரை இறங்கவில்லை. ஜமாலைக் கூப்பிட்டார்கள். அவர் பெல்ட்டை மாற்றினார், கிரீஸ் போட்டார், மோட்டாரைக் கழற்றி மாட்டினார், கடைசியில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"வயசாச்சு விசாலி. இருபது வருஷ மெஷினு. மனுசனுக்கே முட்டி வலிக்குது."

"முந்தா நாளு வரைக்கும் நல்லாத்தானே அண்ணே ஆடுனா. பிள்ளையாரு வந்தப்புறம்தானே இப்படி."

ஜமால் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெல்லப் பேசு. நான்தான் துளை போட்டேன். தட்டு எண்பது கிலோ, இவரு ஆறு கிலோ. ஆறு கிலோ என்ன செஞ்சிரும்?"

தீபாவளிக்குப் பத்தொன்பது நாள்தான் இருந்தது. மசாலாத் தூளுக்கு வருஷத்திலேயே பெரிய ஓட்டம் அந்த நாட்களில்தான். செவ்வாய்க்கிழமை ஆகியும் ஆட்டக்காரி எழுந்திருக்கவில்லை. ஆச்சி கீழே ஆள் அனுப்பி விசாலியை மேலே வரச் சொன்னார்.

"கூலாய்ல ஒரு மில்லுல பேசிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு லாரி வரும். அரச்சத அப்படியே ஏத்தி அனுப்பு. அங்க சலிச்சு, அங்கயே பாக்கெட் போட்டுடுவாங்க."

"தீபாவளி வரைக்கும்தானே ஆச்சி?"

ஆச்சி கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். "அவங்க நல்லா செஞ்சா அப்புறமும் அங்கயே குடுத்துடலாம்னு பாக்கறேன். புது மெஷின் வாங்குற வயசா எனக்கு? நீங்க மூணு பேரும் வேற எங்கயாச்சும் கேட்டு வச்சுக்கங்க. நானும் சொல்லி விடுறேன்."

விசாலி படி இறங்கினாள். நாற்பத்துமூன்று வயதில் இன்னொரு தொழிற்சாலை வாசலில் போய் நிற்க வேண்டுமா? கஸ்தூரியிடமும் உமாதேவியிடமும் விஷயத்தைச் சொன்னாள். உமாதேவி அழுதாள். கஸ்தூரி அழவில்லை, கூலாய்க்காரனைத் திட்டினாள். பாவம், அந்த மனிதன் இன்னார் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

விசாலி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொட முடியாது, கண்ணால்தான் பார்க்க முடியும். வலைக்கு வெளியே தட்டைச் சுற்றி நாலு விரல் அகலத்தில் இரும்பு விளிம்பு இருக்கிறது. சிந்துகிற நைசுத் தூள் அதில் எல்லா இடத்திலும் படியவில்லை. முனையில் ஓர் இடத்தில் மட்டும் சின்னச் சின்ன மேடாகக் குவிந்து கிடந்தது. மற்ற இடமெல்லாம் துடைத்து விட்ட மாதிரி இருந்தது. தூள் உட்கார்ந்திருக்கிறது என்றால் அங்கே ஆட்டம் இல்லை என்றுதானே அர்த்தம்? ஆடாத இடத்துக்குப் பிள்ளையாரை மாற்றிவிட்டால் ஆடுகிற இடத்துக்குப் பாரம் போகாது. அவளுக்கு அது பளிச்சென்று தெரிந்துவிட்டது. தெரிந்ததாக நினைத்துக்கொண்டாள்.

ஆச்சியிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, புதன்கிழமை ஜமால் பிள்ளையாரைக் கழற்றி முனையில் மாட்டினார். மெஷினைப் போட்டார்கள். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பித்தளை கணகணவென்று கத்தியது, ஒரு திருகாணி தெறித்துக் கஸ்தூரியின் காலடியில் விழுந்தது, பிள்ளையார் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கினார். மேலே கண்ணாடி தட்டப்பட்டது. ஆச்சி எழுந்து நின்றிருந்தார்.

"பூஜை போட்ட எடத்துலேர்ந்து எடுத்ததுக்கே பிள்ளையாரு கோணிக்கிட்டாரு. போதும். எங்க இருந்தாரோ அங்கயே வை."

அவ்வளவுதான். ஜமால் அவரைத் திரும்பவும் நடுவில் மாட்டினார். விசாலிக்கு வெட்கமாக இருந்தது. தன் வாழ்க்கையில் உருப்படியாகத் தெரிந்தது இந்த அதிர்வு ஒன்றுதான், அதுவும் காலை வாரிவிட்டதே என்று வீட்டுக்குப் போய் செல்வாவிடம் சொல்லிப் புலம்பினாள். "தூள் அசையாமக் குந்தியிருந்துச்சு. அங்க ஆட்டமே இருக்கக் கூடாது. எப்படி லா ஆடும்?" செல்வா யோசித்துப் பார்த்துவிட்டு, "அந்தத் தூளக் கேளு" என்றான். கிண்டலுக்குத்தான் சொன்னான். ஆனாலும் அவளுக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்கால டீ நேரம். உமாதேவி வீட்டு மரத்து மாங்காய் நறுக்கிக் கொண்டு வந்திருந்தாள். எவர்சில்வர் தட்டில் கல்லுப்பும், மில்லின் முதல் ரக நைசு மிளகாய்த்தூளும் கலந்து கொட்டி, சல்லடை மேடையோடு ஒட்டிய இரும்பு மேசைமேல் வைத்தாள். மசாலா மில்லில் வேலை செய்வதில் இந்த ஒரு சுகம் உண்டு, தொட்டுக்கொள்ள எதையும் தேட வேண்டாம். ஆட்டக்காரி தன் அரைகுறை ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தாள். மேசையும் அவளோடு சேர்ந்து விறுவிறுத்தது. மூன்று பேரும் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக் கதை பேசிக்கொண்டிருந்ததில் தட்டைப் பார்க்கவில்லை. கஸ்தூரி இரண்டாவது துண்டைத் தொட்டு வாயில் போட்டுவிட்டு முகம் சுளித்தாள்.

"என்னாடி இது, வெறும் உப்பா இருக்கு."

"நல்லா கலந்துதான் வச்சேன்" என்றாள் உமாதேவி. அவள் இன்னொரு பக்கம் தொட்டாள். அவளுக்கு வெறும் மிளகாய். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

விசாலி குனிந்து பார்த்தாள். கலந்து வைத்தது பிரிந்து கிடந்தது. வெள்ளை உப்பு கோடு கோடாக, யாரோ கோலம் போட்ட மாதிரி ஒதுங்கியிருந்தது. கோடுகளுக்கு நடுவே சிவப்புத் தூள் குட்டிக் குட்டி மேடாகக் குவிந்திருந்தது. அவள் மாங்காயைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள். தட்டின் நடுவில் மிளகாய்மேடு ஒன்று உட்கார்ந்தவாறே தனக்குள் சுழன்றுகொண்டிருந்தது. அடியிலிருந்து எழும்பி, உச்சியிலிருந்து சரிந்து, திரும்ப அடிக்குப் போய். மேட்டின்மேல் ஒரு உப்புக் கல்லைப் போட்டாள். கல் துள்ளித் துள்ளி, நாலைந்து தாவலில் வெள்ளைக் கோட்டில் போய் விழுந்து அசையாமல் நின்றது. இன்னொன்று போட்டாள். அதுவும் அதே கோட்டுக்குத்தான் போனது.

மேசை தொடக்கூடாத மெஷின் இல்லையே. வெள்ளைக் கோட்டில் விரலை வைத்தாள், துளி அதிர்வும் தெரியவில்லை. சிவப்பு மேட்டில் வைத்தாள், விரல் விறுவிறுவென்று துடித்தது. நைசுத் தூள் பொய் சொல்லியிருக்கிறது. அதிகம் துள்ளுகிற இடத்தில்தான் காற்றும் அதிகம் கிளம்புகிறது. அந்தக் காற்று லேசான தூளைச் சுருட்டிச் சுருட்டி அங்கேயே மேடாக்கிவிடுகிறது. உப்புக்கு உடம்பு கனம், அது காற்றுக்கு மசியாது. ஆட்டம் உதைத்துத் தள்ளத் தள்ள, ஆட்டமே இல்லாத இடம் பார்த்துப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. புதன்கிழமை அவள் பிள்ளையாரை மாட்டியது சல்லடைத் தட்டிலேயே கூத்து அதிகமாக நடக்கும் இடத்தில்.

"அலமாக்" என்று தலையில் அடித்துக்கொண்டாள் விசாலி. ஒரு கிலோ கல்லுப்பைப் பிரித்து ஆட்டக்காரியின் விளிம்பு முழுக்கத் தூவினாள். மற்ற இருவரும் இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். உப்பு துள்ளியது, நகர்ந்தது, ஐந்து நிமிஷத்தில் இரண்டே இடத்தில் ஒதுங்கியது. தூள் கொட்டும் வாய்க்குக் கொஞ்சம் உள்ளே ஒன்று, வழியும் முனைக்குக் கொஞ்சம் உள்ளே ஒன்று. நடுவிலும் இரு கோடியிலும் ஒரு கல்கூட மிஞ்சவில்லை.

வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும் வழியெல்லாம் அவளுக்கு ஊஞ்சல் ஞாபகம்தான். ஊஞ்சலுக்கு ஒரு தாளம் இருக்கிறது. உச்சிக்குப் போய் ஒரு நொடி நிற்கும்போது வேகமெல்லாம் உயரமாக மாறிவிடுகிறது, கீழே வரும்போது உயரமெல்லாம் வேகமாகிவிடுகிறது. ஒன்று போய் ஒன்று வந்துகொண்டே இருக்கும். அந்தத் தாளத்துக்கு ஒருவர் பின்னாலிருந்து தட்டினால் ஒரு விரல் போதும், விண்ணுக்குப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் இரண்டு கையும் வலிக்கும், ஊஞ்சல் அசையாது. ஆட்டக்காரியும் அப்படித்தான். அவளுடைய தாளத்துக்கு ஏற்ற வேகத்தில்தான் மோட்டாரை வைத்திருக்கிறார்கள். ஆனால் மோட்டார் கொடுக்கிற சக்தி தட்டு முழுக்கச் சமமாகப் பங்கு போவதில்லை. நடுவும் இரு முனையும் துள்ள, இடையில் இரண்டு கோடுகள் ஏறாமல் இறங்காமல் நிற்கின்றன. துள்ளுகிற இடத்தில் ஆறு கிலோவைக் கட்டினால் அந்த ஆறு கிலோவையும் தூக்கித் தூக்கிப் போட வேண்டும், தாளம் மெதுவாகிவிடும். மோட்டாருக்கு அது தெரியாது, பழைய வேகத்திலேயே தள்ளிக்கொண்டிருக்கும். அந்த ஆறு கிலோவை உப்பு ஒதுங்கிய கோட்டில் வைத்தால், ஆட்டத்திலிருந்து அது ஒன்றையும் எடுக்காது. ஜமால் கேட்ட கேள்விக்கு இப்போது அவளிடம் பதில் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆச்சி கோவிலுக்குப் போய்விட்டுப் பதினொன்றரைக்குத்தான் வந்தார். விசாலி படியிலேயே மடக்கினாள். உப்பு, மிளகாய், மாங்காய் எல்லாவற்றையும் சொன்னாள். ஆச்சி கண் இமைக்காமல் கேட்டார்.

"அப்ப பிள்ளையாராலதான் மெஷின் நின்னுச்சுன்னு சொல்றியா?"

"இல்ல ஆச்சி. நாம அவர ஆடுற எடத்துல குந்த வச்சுட்டோம். அவரு ஆடாத எடம் கேக்கறாரு. அந்த எடம் எதுன்னு எனக்குத் தெரியும்."

"புதன்கெழமையும் இதத்தான் சொன்ன."

"அன்னைக்குத் தூள நம்பிட்டேன். இன்னைக்கு நீங்களே பாருங்க." விசாலி ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, மெஷினை நிறுத்தி, விளிம்பின் நடுவில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மீண்டும் போட்டாள். தண்ணீர் நாலா பக்கமும் தெறித்தது. நிறுத்தினாள். கிளாஸை நிரப்பி உப்புக் கோட்டில் வைத்துப் போட்டாள். தண்ணீர் மேலே மெல்லிய சுருக்கம் ஓடியது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஆச்சி படியில் நின்றபடியே அந்தக் கிளாஸை உற்றுப் பார்த்தார்.

"சரி. ஆனா இப்ப ராகு காலம் ஆரம்பிச்சாச்சு. இங்க சூரியன் லேட்டா உதிக்கறதால ஒரு மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்கறப்பத்தான் முடியும். அதுக்கு முன்னாடி யாரும் அவரத் தொடக் கூடாது. லாரி ரெண்டு மணிக்கு வரும், நான் வேண்டாம்னு சொல்லப் போறதில்ல. அதுக்குள்ள ஆனா பாப்போம்."

ஜமால் அங்கேதான் நின்றிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், விசாலியைப் பார்த்தார். "விசாலி, இன்னைக்கு ஜும்மா. பன்னெண்டரைக்கு நான் பள்ளிவாசலுக்குக் கெளம்பணும். திரும்பி வர ரெண்டே கால் ஆயிடும்."

ராகு காலம் முடியும்போது ஜமால் இருக்க மாட்டார். ஜமால் வரும்போது லாரி வந்துவிட்டிருக்கும். ஜோகூரில் வெள்ளிக்கிழமை மதியம் வேலை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று இத்தனை வருஷத்தில் இவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் மறந்திருந்தார்கள். ஜமால் துளையிடும் மெஷினைப் பெட்டியோடு விசாலி கையில் கொடுத்தார்.

"நீயே போடு."

"நானா அண்ணே? நான் இதுவரைக்கும் பிடிச்சதே இல்ல."

"தெனம் எண்ணூறு ஸ்பீக்கரு தொட்ட வெரலு. எங்க எவ்வளவு அமுக்கணும்னு அதுக்குத் தெரியும். அவசரப்படாத, எண்ணெய் விட்டுக்கிட்டே போடு." ஒரு பழைய இரும்புத் துண்டில் இரண்டு துளை போட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார். பெட்டியில், திருகினால் கவ்விக்கொள்ளும் இரண்டு இரும்புப் பிடிகளையும் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம். விசாலி பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருகாணிகளைக் கழற்றினாள். உமாதேவி அவரைக் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் விசாலிக்கு இன்னொரு சங்கடம் தெரிந்தது. ஆச்சியின் கண்ணாடி அறைப் பக்கம், தூள் வழியும் முனைக்கு உள்ளே இருக்கும் உப்புக் கோடு முடிகிற இடத்தில், தூசி உறிஞ்சும் குழாய் போகிறது. அங்கே ஒரு விரல் அளவுகூட இடமில்லை. இன்னொரு கோட்டை இரண்டு பக்கமும் தூள் கொட்டும் வாய் மறைத்துக்கொண்டிருந்தது. மிஞ்சியது ஓர் இடம்தான், அது எதிர்ப்பக்கம், இவர்கள் மூவரும் நிற்கிற பக்கம்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். ஆச்சி கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மணி ஓடிக்கொண்டிருந்தது. கேட்டால் வேண்டாம் என்பார், கேட்காமல் செய்தால் அது துரோகம். விசாலி படியேறிப் போய்ச் சொன்னாள்.

"அந்தப் பக்கம் வச்சா நான் எப்படிப் பாக்குறது?" என்றார் ஆச்சி.

விசாலி திரும்பிக் கீழே எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியாகக் கீழேயிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது. அவள் பயம் என்றால் என்ன விலை என்று கேட்பவள். "நீங்க இந்தப் பக்கம் வாங்களேன் ஆச்சி."

ஆச்சி கடிகாரத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. விசாலி அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கினாள்.

இரும்புப் பிடிகளால் பிள்ளையாரை உப்புக் கோட்டில் கவ்வ வைத்து மெஷினைப் போட்டார்கள். உப்பைத் திரும்பத் தூவினார்கள். நடுவிலிருந்த கனம் போனதால் கோடு இரண்டு விரல் தள்ளிப் போயிருந்தது. நிறுத்தி, இரண்டு விரல் நகர்த்தி, மீண்டும் போட்டாள். இப்போது உப்பு பிள்ளையாரின் காலடியில் வந்து ஒதுங்கி நின்றது. மெஷினை நிறுத்தி, குறி போட்டு, துளையிடும் மெஷினைக் கையில் எடுத்தாள். முதல் துளைக்கு இரண்டு முறை நிறுத்தி எண்ணெய் விட்டாள். இரண்டாவது நிற்காமல் இறங்கியது. மூன்றாவதும் நான்காவதும் போடும்போது, துளையிடும் மெஷினின் பிடியில் வைத்த விரல், இரும்பு எங்கே விட்டுக்கொடுக்கிறது என்று அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் யாரோ செய்ததை நல்லதா கெட்டதா என்று தொட்டுப் பார்த்துப் பெட்டியில் போட்டவள், இன்று தானே ஒன்றைச் செய்கிறாள். திருகாணிகளை முடுக்கி முடித்தபோது மணி ஒன்று ஐம்பது.

உமாதேவி சுவிட்சைப் போட்டாள்.

ஆட்டக்காரி ஆடினாள். தரை வழியாகக் காலுக்குள் ஏறுகிற அந்தப் பழைய அதிர்வு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. அரைத்த மிளகாயைக் கொட்டினார்கள். சிவப்பு மழை மாதிரி தூள் இறங்கியது, குவியவில்லை, வழியவில்லை. பிள்ளையார் தும்பிக்கை அசையாமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி விசாலியைக் கட்டிப் பிடித்தாள். உமாதேவி திரும்பவும் அழுதாள், அவள் அழுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

வெளியே லாரி வந்து ஹாரன் அடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூவரும் படியைத்தான் பார்த்தார்கள், ஏனென்றால் ஆச்சி இறங்கிக்கொண்டிருந்தார்.

அவர் நேராக வாசலுக்குப் போகவில்லை. மெஷினைச் சுற்றிக்கொண்டு, பதின்மூன்று வருஷத்தில் விசாலி அவரை ஒருநாளும் பார்த்திராத இந்தப் பக்கத்துக்கு வந்தார். பட்டுச் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தும் பயனில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு தும்மல் தும்மினார். யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டில் இறங்கும் தூளைப் பார்த்தார். பிறகு பிள்ளையாரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தெனமும் இந்தக் காரத்துலயா நிக்கிறீங்க?"

"பழகிடுச்சு ஆச்சி" என்றாள் விசாலி.

ஆச்சி கைப்பேசியை எடுத்தார். கூலாய்க்காரரிடம் இரண்டே வார்த்தை பேசினார். கொஞ்ச நேரத்தில் லாரி வெறும் வண்டியாகத் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. விசாலி அடுத்த மூட்டையை எடுத்துத் தட்டில் கொட்டினாள். 

ஆச்சி இன்னும் போகவில்லை. உட்கார இடம் தேடிச் சுற்றிப் பார்த்தார். அங்கே மூன்று ஸ்டூல்தான் இருந்தது. உமாதேவி ஓடிப்போய்த் தன்னுடையதைத் தன் புது டவலால் துடைத்துப் போட்டாள். ஆச்சி பிள்ளையாருக்கு நேராக உட்கார்ந்து இன்னொரு தும்மல் தும்மினார்.

"காலையில ஒம்போது மணிக்கு வந்துடுவேன்" என்றார் விசாலியிடம். "நாளைக்கு இங்க நாலு ஸ்டூலு போட்டு வை."